பெயர் மட்டும் வேறு

மார்ச் 3
காலையிலிருந்து ஏழு தலை. வலது கையைத் தூக்கினால் தோளிலிருந்து முழங்கை வரை சுண்டி இழுக்கிறது. ஓய்வு எடுத்தால் முடிவெட்டும் கடையை யார் பார்ப்பது? மருந்துக்கடையில் இபுப்ரோஃபென் வாங்கிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வலி போன இடம் தெரியவில்லை.

மார்ச் 9
சாப்பிட நேரமில்லை. டீயும் மாத்திரையும்.

மார்ச் 15
மாத்திரை இப்போதெல்லாம் சரியாகக் கேட்பதில்லை. நாத்தனார் தன் முதுகுவலி மாத்திரையைக் கொடுத்தாள். "இது வேற பேரு அண்ணி. எனக்கு நல்லாக் கேட்டுச்சு." இரண்டையும் போட்டேன். கேட்டது.

மார்ச் 19
வயிறு காந்துகிறது. சாப்பிடவே பிடிக்கவில்லை. மாத்திரை மட்டும் இறங்குகிறது.

மார்ச் 22
மலம் தார் மாதிரி கறுப்பு. என்ன சாப்பிட்டேன் — ஒன்றுமே சாப்பிடவில்லையே? அவரிடம் சொல்லவில்லை. இதையெல்லாமா புருஷனிடம் சொல்வது.

மார்ச் 25, ஆஸ்பத்திரி
பள்ளிக்கூட ஆசிரியைக்கு நெற்றிமுடி வெட்டிக்கொண்டிருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் தரை. கத்தரி அவர் கண்ணுக்கு விரற்கடை தூரத்தில்தான் இருந்தது. அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்?

வயிற்றில் புண், ரத்தம் கசிந்திருக்கிறது. ரத்தம் ஏற்றினார்கள். டாக்டர் இரண்டு அட்டைகளையும் திருப்பிக் காட்டினார். "பேருதான் வேற, ரெண்டும் ஒரே ரகம். வெறும் வயித்துல ரெண்டையும் சேத்துப் போட்டா வயிறு என்னம்மா பண்ணும்? கறுப்பாப் போனப்பவே ஓடி வந்திருக்கணும்."

நாத்தனார் அழுதாள். "நான்தானே அண்ணி குடுத்தேன்." போட்டவள் நான் என்றேன். காதில் வாங்கவில்லை. வீட்டுக்காரர் என் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் நேராக வைத்தார்.

ஏப்ரல் 6
வீடு. இனி அந்த ரகமே எனக்குக் கூடாதாம். தேவைப்பட்டால் பாராசிட்டமால், அதுவும் அட்டையில் சொன்ன அளவைத் தாண்டாமல். சளி மாத்திரையிலும் அது கலந்திருக்குமாம். சேர்த்துப் போட்டால் ஈரலுக்கு ஆகாதாம்.

தோளுக்குப் பயிற்சி. விரல்களால் சுவரில் ஏற வேண்டும். "பல்லிக்கு வேலை போயிடும் போலிருக்கு" என்றார் அவர். சிரித்தால் வயிறு இழுக்கிறது.

மே 18
மதியத்துக்கு மேல் தோள் பிடித்துக்கொண்டது. காத்திருந்தவர்களை நாளைக்கு வரச் சொன்னேன். வரிசையில் ஆசிரியையும் இருந்தார். "அதுக்கென்ன, முடி எங்க ஓடிடப் போகுது" என்று எழுந்தார். கடையைப் பூட்டிவிட்டு, வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு நடந்தேன்.