சேற்றில் இறங்கிய கூறைப்புடவை

ஜூலை 20, ஞாயிறு
காலையிலேயே வெயில். மாவு புளித்துவிட்டது, தோசைதான். கொழுந்தன் பிரபுவுக்கும் திவ்யாவுக்கும் கீழண்டைக் கழனியில் போட்டோ ஷூட். வைகாசியில் கல்யாணம், ஆடியில் எதற்குப் படம் என்று கேட்டால், "அக்கா, இப்ப இதுதான் ட்ரெண்டு" என்கிறாள். பாண்டியிலிருந்து கேமரா, ட்ரோன் எல்லாம். நடவுக்கு ஓட்டி வைத்த சேறு. அதில் கூறைப்புடவையோடு மல்லாந்து படுத்தாள். பிரபு பட்டு வேட்டியோடு புரண்டான். ஒருத்தர்மேல் ஒருத்தர் சேற்றை வாரி இறைத்து ஒரே சிரிப்பு.

வரப்பில் நடவுப் பெண்கள்: "நாம எறங்குனா கூலி, இவங்க எறங்குனா போட்டோவா?"

அவள் முகத்தில் வெளிச்சம் விழ ஒரு வெள்ளித் தட்டி. அதைத் தூக்கிப் பிடித்து நின்றது என் வீட்டுக்காரர். "இன்னும் மேல புடிக்கவா தம்பி?" என்று கேமராக்காரரிடம் கேட்டுக் கேட்டு. எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட இவர் என் பக்கம் திரும்பவில்லை. பந்தியில் யாருக்கு இலை போடவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். வயிறு எரிகிறது.

வாங்க: துவரம்பருப்பு, ஷாம்பு. கேஸுக்குச் சொல்லணும்.

ஜூலை 22, செவ்வாய்
கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். காலையில் மாமியார் அந்தப் புடவையை என்னிடம் கொண்டுவந்தார். "நீதான் பதமா அலசுவ." திவ்யா ஏற்கெனவே சோப்புத் தூளில் ஊறப்போட்டிருக்கிறாள், புத்திசாலி. ரோஸ் சாயம் திட்டுத் திட்டாக. ஜரிகை கறுத்துவிட்டது. கொசுவத்தில் கிழிசல் வேறு. "போச்சு அத்த" என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. உள்ளுக்குள் சந்தோஷம்தான். இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது.

ஜூலை 29, செவ்வாய்
சாயங்காலம் தூறல். துணி நனைந்தது.
பதினெட்டாம் பெருக்கு வருகிறது. திவ்யாவுக்கு ஆற்றங்கரையில் தாலி பெருக்க வேண்டும், அதற்குக் கூறைப்புடவைதான் கட்ட வேண்டும். இப்போதுதான் மாமியாருக்கு உறைத்தது. யோசித்துவிட்டு, "பெரியவ பொடவ கீதே. ரெண்டும் இந்த வூட்டு கூறப் பொடவதானே."
"அது என்னுது அத்த."
"ஒரு நாளு கட்டுனா தேஞ்சா பூடும்?"
இவர் லோடு ஏற்றிக்கொண்டு கடலூர் போயிருந்தார், எனக்காகப் பேச ஆளில்லை. கொடுத்தேன். அரக்குச் சேலை, பச்சைக் கரை. நான் கட்டியது கல்யாணத்துக்கு, என் தாலி பெருக்கலுக்கு. அவ்வளவே. வருஷா வருஷம் நிழலில் உலர்த்தி மடிப்பு மாற்றி வைக்கிறேன். அவள் சேற்றில் போடுவாள், நான் அலமாரியில் வைப்பேன். பல்லு இருக்கிறவள் பக்கோடா தின்கிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
சங்கராபரணி ஆற்றங்கரை. நல்ல கூட்டம். கால் வலி.
என் புடவை அவளுக்கு என்னைவிட நன்றாக இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை. பிரபு போனைக் கீழே வைக்கவே இல்லை. இவர் பார்த்துவிட்டு, "பொடவ சூப்பரா கீதும்மா" என்றார். "தாங்க்ஸ் மாமா" என்றாள் அவள். யாருடையது என்று சொல்லவில்லை. பக்கத்தில் தாம்பாளத்தோடு நான்.

இவருக்குத் தெரியாமல் இருக்குமா? என்னைச் சீண்டத்தான் சொன்னாரோ என்னவோ. வீட்டுக்கு வரும்வரை அதே யோசனை.

ஆகஸ்ட் 6, புதன்
புடவை திரும்பி வந்தது. அவள் சென்ட் வாசனை. சம்பளம் இன்னும் போடவில்லை. அது யார் புடவை என்று இவரிடம் வாய்விட்டுக் கேட்கப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
வெயில், காற்று இல்லை. மீன் குழம்பை இறக்கிவிட்டு அந்தப் புடவையை நானே கட்டிக்கொண்டேன். தலை நிறைய மல்லிகை. மாமியார் பார்த்து, "எங்கடி கல்யாணம்?" போனை எடுத்துக்கொண்டு கழனிக்கு நடந்தேன்.

மேலண்டைக் கழனியை ஓட்டி முடித்துவிட்டு இவர் வரப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். "என்னை ஒரு போட்டோ எடுங்களேன்."
மேலும் கீழும் பார்த்தார்.
"திவ்யா பொடவயாச்சே இது. அவளக் கேட்டுக்கினுதான் கட்டுனியா?"
கேட்டேன் என்றேன். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினேன். கொசுவம் நனைந்து கனத்தது.
"ஏய், பொடவ, பொடவ. அவளுக்கு இன்னாடி பதில் சொல்றது?"
நடுக் கழனிக்குப் போய் உட்கார்ந்தேன்.