நாலடிக் கிராப்பிள்

அன்புள்ள மருமகளுக்கு, மாமா எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு மழை தலைகாட்டுகிறது. நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது. அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆற்றோர வயலில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மரக் குவியலை அள்ள தாலுகா அலுவலகத்தில் பெரிய இயந்திரம் அனுப்புகிறோம் என்றார்களே, அதை விட்டுவிட்டு நம் டிராக்டரில் மாட்ட இரும்புக் கவ்வி எதற்கு என்று கேட்டிருந்தாய். பெரிய இயந்திரம் ஒரே நாளில் முடித்துவிடும், உண்மைதான். ஆனால் மரமா மண்ணா என்று பார்க்காமல் வாரி லாரியில் கொட்டிவிடும். லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுமோ. அத்தை ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டாள்.

வெள்ளத்தன்று டிராக்டரை மேட்டில் ஏற்றிவிட்டு, பம்புசெட் மோட்டாரைக் கழற்றி வர இறங்கினவன் நம் பையன். தண்ணீர் அவனைக் கடலுக்கே கொண்டுபோயிருக்கும் என்று ஊரே சொன்னது. அத்தை மட்டும் அன்றிலிருந்து அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம் மெக்கானிக்கை, அதான் ஸ்பேனரை, கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தக் கவ்விக்குப் பெயர் கிராப்பிளாம். கடைக்காரர் ஆறடி அகலத்தில் ஒன்றைக் காட்டி, "பெருசா எடுத்தா சீக்கிரம் முடியும் பெரியவரே" என்றார். ஸ்பேனர் சிரித்துவிட்டான். ஆட்டுக் கொட்டகையில் யானையைக் கட்டுகிற கதை என்றான். நம் டிராக்டர் சின்னது. அதன் முன்கை தூக்குகிற எடையில் பாதியை அந்த ஆறடி இரும்பே தின்றுவிடும். மரத்தையும் சேர்த்துத் தூக்கினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். நாலடி போதும் என்றான்.

நாலடியிலும் இரண்டு வகை. மேல்தாடை ஒரே துண்டாக இருப்பது ஒன்று, இரண்டாகப் பிரிந்து தனித்தனியே மூடுவது இன்னொன்று. ஒற்றைத் தாடையில் ஒரு பக்கம் தடித்த மரம் மாட்டினால் மறுபக்கம் திறந்தே நிற்கும், சன்னமானதெல்லாம் நழுவி விழும். நான் இரட்டைத் தாடை கேட்டேன். "குப்பை மரம்தானே, நழுவினா நழுவட்டுமே" என்றார் கடைக்காரர். எதுவும் நழுவக் கூடாது என்றேன். என் குரல் வேறு யாருடையதோ போல எனக்கே கேட்டது. ஸ்பேனர் அவரை ஓரமாக அழைத்துப் போய் ஏதோ சொன்னான். அப்புறம் அவர் இரண்டு தாடையையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மெதுவாக மூடிக் காட்டினார்.

டிராக்டரின் பின்னால் பாரத்துக்குச் சிமெண்டுக் கட்டியை மாட்டி வேலையை ஆரம்பித்தோம். ஒவ்வொரு பிடியையும் வெறுந்தரையில் இறக்கி எஞ்சினை நிறுத்துவேன். அத்தை குனிந்து கையாலேயே பிரித்துப் பார்ப்பாள். பிறகுதான் அடுத்த பிடி. கிளை முறிகிற சத்தம் கேட்டால், "மெல்லங்க, அவனுக்கு வலிக்கப் போகுது" என்பாள்.

ஒருநாள் வேருக்குள் நீலத் துணி தெரிந்தது. நான் லீவரிலிருந்து கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள்தான் போய் இழுத்தாள். எந்த வீட்டுத் திரைச்சீலையோ. அதை அலசிக் காயவைத்து மடித்து, அவன் சட்டைகளோடு அலமாரியில் வைத்திருக்கிறாள்.

குவியல் குறைந்துகொண்டே வந்தது. அவன் இதற்குள் இருக்க வேண்டும் என்று ஒரு பிடிக்கு வேண்டுவேன், இருக்கக் கூடாது என்று மறு பிடிக்கு. போன வாரம் கடைசி அடிமரத்தையும் புரட்டினோம். கீழே ஈர மண். வெயில் படாமல் வெளுத்துப்போன புல். வேறொன்றும் இல்லை.

அவள் மனசு ஆறும் என்று நினைத்தேன். அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, "இது இருந்தவரைக்கும் அவன் இங்க இருந்தான். இனிமே எந்தப் பக்கம் பாப்பேன்?" என்று கேட்டாள். இப்போது சமையலறை ஜன்னலைத் திறந்தால் பார்வை தடையில்லாமல் ஆறு வரைக்கும் போகிறது. அவள் அந்த ஜன்னலைத் திறப்பதில்லை.

ஆற்றின் கீழ்ப்பக்கம் அடுத்தவர் வயல்களிலும் இதுபோல் குவியல்கள் கிடக்கின்றன. அங்கேயும் பார்த்துவிடுவோம் என்கிறாள். நிலத்துக்காரர்களும் தாராளமாக வாருங்கள் என்கிறார்கள். நாளைக் காலையில் டிராக்டரை அந்தப் பக்கம் ஓட்டுகிறேன்.

இன்னொன்று. காய்ச்சலில் கிடந்த உன்னை, கூட வேலை செய்கிறவர் ஒருவர் மருத்துவமனைக்கு அழைத்துப் போனதாக முன்பு எழுதியிருந்தாய். இப்போது வந்த உன் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவன் கட்டிய தாலியை நினைத்தோ எங்களுக்காகவோ எதையும் மனசுக்குள் விழுங்காதே. "நல்ல மனுஷனாத்தான் தெரியுது" என்று அத்தையே சொன்னாள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான், ஆனாலும் சொன்னாள்.

அவனுக்காகக் காத்திருக்க இங்கே நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், அம்மா. நீ நல்லபடியாக வாழ வேண்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
மாமா