கழற்றி வைத்த சட்டை

அப்பா,

கடையிலிருந்து வந்து இன்னும் தண்ணீர் படாத சட்டைக்கு ஒரு வாசனை உண்டு. கஞ்சியும் அட்டைப்பெட்டியும் கலந்த வாசனை. போன வாரம் மைசூரில் எங்கள் கல்லூரியில் பி.எட். மாணவர்களுக்கான உதவித்தொகை நேர்காணல் நடந்தது. தேர்வு செய்கிறவர்களில் நானும் ஒருவன். நம் ஹனூர் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி தன் அப்பாவுடன் உள்ளே வந்தாள். அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்ததும் அந்த வாசனை மேசையைத் தாண்டி வந்தது. வெள்ளைச் சட்டை. மடிப்புக் கோடுகள் நெஞ்சில் இன்னும் விறைப்பாக இருந்தன.

பக்கத்தில் இருந்த சக பேராசிரியர் என் காதருகே குனிந்து கன்னடத்தில் கேட்டார். "சட்டையைப் பார்த்தீங்களா சார்? இவருக்கா உதவித்தொகை?"

நான் நினைவில் உங்களிடம் போய்விட்டேன்.

எனக்குத் தீங்கு செய்த யாரையும் நான் மறப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். "விடேன்டா" என்று சொல்லிச் சொல்லியே ஓய்ந்தீர்கள். கொள்ளேகால் வங்கி மேலாளரை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். "இன்ஜினியரிங்னா லோன் தரலாம். வாத்தியாருக்குப் படிச்சு என்னிக்கு அடைப்பீங்க?" என்றார். உங்களை உட்காரச் சொல்லவில்லை. அரசாங்க ஸ்காலர்ஷிப் நான் படித்து முடித்த பிறகுதான் வந்தது. "லேட்டானாலும் வந்துச்சே" என்று சிரித்த குமாஸ்தாவையும் மறக்கவில்லை. ஆனால் இவர்கள் எல்லோரையும்விட அதிகமாக நான் வெறுத்தது எனக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளையின் செயலாளரை.

வாத்தியார் படிப்புக்குச் சீட்டு கிடைத்திருந்தது; ஒரு வாரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் என் சீட்டு போய்விடும். அறக்கட்டளை பணம் தருவதாகச் சொன்னது. பெற்றோரோடு மைசூருக்கு வந்து மேடையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். நீங்கள் நம் ஊர் மார்டள்ளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். அதற்காகவே வாங்கிய வெள்ளைச் சட்டை. முகம் கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல இருந்தது.

மேடைக்குப் பக்கத்து அறையில் செயலாளர் உங்களை மேலும் கீழும் பார்த்தார். அவரும் தமிழர்தான். "இப்படிப் புதுசு உடுத்திக்கிட்டு மேடைக்கு வந்தா, கொடுக்கிறவங்க என்ன நினைப்பாங்க? ஸ்வல்ப, கொஞ்சம் யோசனை பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"அட, சட்டையில என்ன இருக்குது சாமி? நான் காட்டுல சட்டை போட்டுக்கிட்டா ஏர் ஓட்டறேன்?" என்று சொல்லிக்கொண்டே பொத்தான்களைக் கழற்றினீர்கள். உள்ளே பனியன்கூட இல்லை. சட்டையை மடித்து மஞ்சள் பையில் வைத்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. சீட்டு தப்பிவிட்டது என்ற நிம்மதி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேடையில் உங்கள் வெற்று உடம்பின் மேல் சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். படம் எடுத்ததும் ஒரு ஆள் சால்வையை உருவ வந்தான். அன்று எல்லாப் பெற்றோருக்கும் அந்த ஒரே சால்வைதான். நீங்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டு, "இருங்க தம்பி, இப்பத்தான் சூடு ஏறுது" என்றீர்கள். மண்டபமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நான் சிரித்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக மனத்தில் குறித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் பையைத் தொட்டுக்கொண்டு என்னிடம் கேட்டீர்கள். "காசுதான் வாங்கியாச்சே. இப்பப் போட்டுக்கலாமா சாமி?"

அறக்கட்டளை ஆள் ஒருவர் அதே பஸ்ஸுக்காகக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். "பஸ் கிளம்பட்டுங்கப்பா" என்றேன். அவரும் ஏறி, நமக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தார். டிசம்பர் காற்று. ஜன்னல் கண்ணாடி சிக்கிக்கொண்டு மூடவில்லை. நீங்கள் மறுபடி கேட்கவில்லை. நரசிபுரத்தில் அவர் இறங்கிய பிறகு, நானாகச் சொல்லும்வரை காத்திருந்தீர்கள்.

இத்தனை வருடங்களாக நான் திட்டித் தீர்த்த செயலாளர், சட்டையைக் கழற்றச் சொல்லவே இல்லை. நீங்கள் என் முகத்தைப் படித்துவிட்டுக் கழற்றினீர்கள். அதை மறைக்கத்தான் அவர்மேல் இவ்வளவு கோபம் வளர்த்தேன் போலிருக்கிறது.

போன வாரம் அந்தப் பெண்ணும் தன் அப்பாவின் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவருக்கு ஏதாவது நல்லது சொல்ல நினைத்து, நம் ஊர்ப் பேச்சிலேயே, "சட்டை நல்லா இருக்குதுங்க" என்றேன்.

அவள் பதறிவிட்டாள். "அது எங்க சித்தப்பாவோடதுங்க சார். இரவல் வாங்கிட்டு வந்தாருங்க."

அவர் மகளை ஒரு கணம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆமாங்க, இரவல்தானுங்க" என்றார். கடைக்காரர் குத்திய குண்டூசி அவர் காலரில் இன்னும் இருந்தது.

சட்டையைப் பற்றிய பேச்சை அத்தோடு நிறுத்தச் சொல்லி, சக பேராசிரியரிடம் சண்டை போட்டு, அவளுக்கு முழுத் தொகையையும் வாங்கிக் கொடுத்தேன். பணம் அவளுக்குக் கிடைத்துவிடும். ஆனால் அவள் அப்பாவின் சட்டையை அவர் வாயாலேயே இரவல் என்று சொல்ல வைத்தவன் நான். செயலாளர் அன்று நின்ற இடத்தில்தான் இன்று நிற்கிறேன், அவரைவிட இனிமையாகப் பேசிக்கொண்டு.

நீங்கள் காலமான பிறகும் மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறேன். அதே சாலை. இப்போது சொந்தக் கார், கண்ணாடி ஒழுங்காக மூடும். ஆனாலும் நரசிபுரம் தாண்டும்வரை, ஒரு கை என் சட்டைப் பொத்தானிலேயே இருக்கிறது.