வெறும் வயிற்றுக் கணக்கு

ஜூன் 3, செவ்வாய்

எழுந்ததும் மோட்டார் போட்டேன். பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். அதுதான் தப்பு. தொட்டி நிரம்பி சன்ஷேடில் வழிந்து, கீழ்வீட்டுக் கிறிஸ்டினா, "மாளவிகாக்கா, எங்க துணிய ரெண்டாவது தடவ அலசறீங்களா?" என்று குரல் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அப்படி எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? எண்பது பேரின் வெறும் வயிற்றுச் சர்க்கரை. பாதிப் பேர் மூன்று மாதமாக இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்தவர்கள். மீதிப் பேர் வழக்கம்போல ஒன்பதரை, பத்து. யார் எந்தப் பக்கம் என்பதைக்கூடக் குலுக்கல் போட்டுத்தான் பிரித்தேன். சீக்கிரம் சாப்பிட்டால் சர்க்கரை குறையும் என்று குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக உட்கார்ந்து எத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். அது உண்மைதானா என்று பார்க்கத்தான் இந்தப் பார்ட் டைம் பிஎச்.டி.

எண்கள் வந்துவிட்டன. படிக்கத் தெரியவில்லை. ரத்த ரிப்போர்ட் என்றால் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகவே படித்துவிடுவேன். இது வேறு பாஷை. குறைந்திருக்கிறதா? இல்லையா? எவ்வளவு குறைந்தால் "குறைந்தது" என்று சொல்லலாம்?

ஆகஸ்ட் 22 ரிவ்யூ. கைடு யக்ஞநாராயணன் சார் மார்ச்சில் ரிடையர் ஆகிறார். அதற்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் வேறு கைடு, வேறு கமிட்டி. நினைக்கவே அலுப்பாக இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

சாரிடம் கேட்டேன். "இதுக்கெல்லாம் ஏம்மா மெனக்கெடறீங்க? எல்லாரும் வெளில குடுத்துத்தான் பண்றாங்க" என்று ஒரு கடையின் நம்பர் கொடுத்தார். சானடோரியம் பக்கம். தீசிஸ் டைப்பிங், பைண்டிங், அனாலிஸிஸ் எல்லாம் ஒரே இடத்தில்.

கடைக்காரர் சுவிசேஷமுத்து என் ஃபைலைத் திறந்து அரை நிமிஷம் பார்த்தார். "என்ன ரிசல்ட் வேணும் மேடம்?"

ஜவுளிக்கடையில் என்ன கலர் காட்டட்டும் என்று கேட்பார்களே, அதே குரல்.

"இந்தப் பத்துப் பேரைத் தூக்கிட்டா வந்துரும்."

"யாராவது கேட்டா?"

"ஸ்டாடிஸ்டீஷியன் பண்ணினதுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க."

கெட்ட மனிதர் இல்லை. டீ வரவழைத்தார், மழைக்கு நிற்கச் சொன்னார். ஆனால் அந்த எண்பது பேரும் என் பேஷண்ட்டுகள். ஒவ்வொருவர் கையிலும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் நின்றவள் நான். அவர்களைப் பற்றி யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது, வேறு ஒருத்தர் பண்ணினார் என்று சொல்வேனா?

மாட்டேன். கற்றுக்கொள்ளப் போகிறேன்.

ஜூன் 14, சனி

சொல்வது சுலபம். டியூட்டர் எங்கே?

போன வாரம் சேலையூரில் ஒரு டியூஷன் சென்டர். ரிசப்ஷன் பெண், "ஸ்டூடண்ட் பேரு? பேரண்ட் மொபைல் நம்பர்?" என்றாள். "ஸ்டூடண்ட் நான்தான்." "சரி மேம், ஆனா பேரண்ட் நம்பர் இல்லாம சிஸ்டம் எடுக்காது. ஆப்சென்ட்னா மெசேஜ் போவும்." வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்தேன். டெமோ கிளாஸில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நடுவில் முழங்கால் பெஞ்சில் இடிக்க உட்கார்ந்தேன். அங்கே நடந்தது எல்லாம் பரீட்சைக் கணக்கு. என் சந்தேகத்துக்கு அந்த சிலபஸில் இடமில்லை.

அடுத்து ஒரு ரிடையர்ட் புரொஃபசர். "இந்த வயசுல பேசிக்ஸ்லேருந்து ஆரம்பிக்கறது சிரமம்மா. ஃபார்முலா தரேன், நெட்டுருப் போட்டுக்கோங்க." நாற்பத்தாறு வயதுக்கு என்னவாம்?

ராத்திரி இவர் போனை நீட்டுகிறார்: "உங்கள் பிள்ளை மாளவிகா இன்று மாலை வகுப்புக்கு வரவில்லை." டெமோவோடு நின்றுவிட்டேன் என்று அந்த சிஸ்டத்துக்கு யாரும் சொல்லவில்லை போல.

"எங்கடி ஊர் சுத்தப் போன?" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் ஒருவர் மறுத்துவிட்டார். சிரிப்பு வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கிடைத்துவிட்டாள்!

கிபாயத்துல்லா பாய் பல வருஷமாக என்னிடம் டயட் சார்ட் வாங்குகிறவர். இரும்புலியூரில் ஹார்டுவேர் கடை. பேச்சுவாக்கில் புலம்பினேன். "நம்ம மருமக ஸ்டாடிஸ்டிக்ஸ் எம்.எஸ்ஸிதான் மேடம். சிறுசேரில வேல பாத்துச்சு. இப்ப புள்ளைக்காக வீட்ல இருக்குது" என்றார்.

இன்று அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் மனைவி, "வாங்கம்மா. புள்ளய கூட்டிட்டு வரலியா? எந்த கிளாஸு?"

"நான்தாங்க படிக்கப் போறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "ஹஃபீசா, ஒரு பெரிய புள்ள வந்துருக்கு!"

ஹஃபீசாவுக்கு முப்பது இருக்கலாம். இடுப்பில் ரெண்டு வயது கைனாத். என் ஃபைலைத் திறக்கவே இல்லை. "இத அப்புறம் பாக்கலாம்க்கா. ஒண்ணு கேக்கறேன். ரெண்டு பஸ் ஸ்டாப்பு. ரெண்டுலயும் சராசரியா பத்து நிமிஷம் நிக்கணும். ஒண்ணுல தினமும் ஒம்போது, பத்து, பதினொண்ணு. இன்னொண்ணுல ஒரு நாள் போன ஒடனே பஸ், ஒரு நாள் இருவது நிமிஷம். நீங்க எதுல நிப்பீங்க?"

"முதல்தான். நான் டியூட்டிக்குப் போகணுமே."

"அவ்ளோதான். இதுக்குப் பேருதான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன்."

பன்னிரண்டு வருஷமாகப் பேப்பர்களில் தாண்டித் தாண்டிப் போன வார்த்தை.

ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் போன வாரப் பாடத்தை நான் அவளுக்கு நடத்த வேண்டும். "நீங்க எனக்குப் புரிய வெச்சாதான் உங்களுக்குப் புரிஞ்சதா அர்த்தம்."

ஜூலை 6, ஞாயிறு

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எண்பது சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒருவர் சர்க்கரை அளவு. குலுக்கி, கண்ணை மூடி ரெண்டு குவியலாகப் பிரித்து, சராசரி போட்டு, வித்தியாசத்தை எழுதி, மறுபடி குலுக்கி. மதியம் முழுக்க இதுதான்.

"சும்மா குலுக்கினாலே இவ்ளோ வித்தியாசம் வருது பாருங்க. உங்க வித்தியாசம் இதவிடப் பெருசா இருந்தாதான்க்கா பேச்சே. பி வேல்யூன்னா இதான்."

எங்கள் வித்தியாசம் பெரிதாக இல்லை. குலுக்கலில் அடிக்கடி வருகிற அளவுதான். வருத்தப்பட்டிருக்க வேண்டும். புரிந்துவிட்ட சந்தோஷத்தில் வருத்தம் வரவில்லை.

கைனாத் நூற்று நாற்பத்திரண்டு எழுதின சீட்டை மென்றுவிட்டாள். புதுசு எழுதினோம்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று சார்ட் பேப்பரில் ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாக வைத்தோம். பத்து மணிக் கூட்டம் ஒரே மொத்தமாகப் பரவியிருந்தது. ஏழு மணிக் கூட்டம்? கீழே ஒரு கொத்து, மேலே ஒரு கொத்து. நடுவில் காலி.

"இது ஒரு கூட்டமில்லக்கா, ரெண்டு. சராசரி போட்டதுல மறைஞ்சிருச்சு. மேல இருக்கறவங்க யாரு? எனக்கு நம்பர்தான் தெரியும். ஆளு உங்களுக்குத்தான் தெரியும்."

ஜூலை 15, செவ்வாய்

மேல் கொத்தில் இருக்கிறவர்களுக்குப் போன் போட்டேன். முதலில் பெருங்களத்தூர் அங்காளம்மாள்.

"ரத்தம் குடுத்த அன்னிக்கு காலைல ஏதாவது சாப்டீங்களா?"

"ஐய, நீதான் வெறும் வயித்தோட வான்னியே. ஒண்ணும் துன்னல. காபி மட்டும்தான்."

"காபியா! பாலு, சர்க்கரை எல்லாம் போட்டா?"

"பின்ன? காபிய போயி யாராச்சும் சாப்பாட்டுக் கணக்குல வெப்பாங்களா? ஏழு மணிக்கே தட்டக் கழுவச் சொல்லிட்ட. விடியக்காலைல வயிறு இழுக்குது. அதுகூட இல்லன்னா எப்டிம்மா ட்ரெயின் ஏறுறது?"

அடுத்தவரும் காபி. அதற்கடுத்தவரும். ஒருவர், "டாக்டர் வீட்ல கூட காபி குடிச்சிட்டுத்தான் மேடம் டெஸ்டுக்குப் போவாங்க" என்று எனக்கே எடுத்துச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டு, இல்லை என்று டிக் அடித்தவள் நான். என் அம்மாவும் சஷ்டி விரதத்தில் காபி குடிப்பாள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் — கண்டுபிடித்தது யார்? நான்தானே.

ஜூலை 17, வியாழன்

எண்பது பேரையும் கேட்டாகிவிட்டது. ஏழு மணிக் கூட்டத்தில் பதினான்கு பேர் காபி. பத்து மணிக் கூட்டத்தில் ரெண்டே பேர். அவர்களை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் வித்தியாசம் பளிச்சென்று வருகிறது. குலுக்கலில் வரவே வராத அளவு. நானே போட்டேன், ரெண்டு முறை சரிபார்த்தேன்.

ஹஃபீசா போனில், "காரணம் கரெக்டா இருக்கேக்கா. எடுக்கலாம்."

சாருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "பாத்தீங்களா! வேலிட் ரீசன். அந்தக் கடை சுவிசேஷமுத்து சொன்னதும் இதத்தானே?"

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் செருப்பில் மாட்டின கல் மாதிரி.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நான் பாடம் நடத்தும் நாள். தலைப்பு: ஏன் குலுக்கிப் பிரிக்கிறோம். ஹஃபீசா தரையில், கைனாத் அவள் மடியில், நான் சுவரில் ஒட்டின சார்ட் பக்கத்தில்.

"குலுக்கிப் பிரிச்சா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆளுங்க இருப்பாங்க. அதனால ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஒரே வித்தியாசம் நாம சொன்ன சாப்பாட்டு நேரம். நடுவுல நாம யாரையாவது எடுத்தா..."

நின்றுவிட்டேன்.

"சொல்லுங்கக்கா."

"ஹஃபீசா, அவங்க ஏன் காபி குடிச்சாங்க?"

"பழக்கம்."

"அப்போ பத்து மணிக்காரங்கள்ல ஏன் ரெண்டே பேரு? ஏழு மணிக்குச் சாப்பிட்டவங்களுக்குக் காலைல பசி. என் டயட்டாலதான் குடிச்சிருக்காங்க. அவங்கள எடுத்துட்டா மிச்சம் இருக்கறது பசி தாங்கறவங்க மட்டும். பத்து மணிப் பக்கம் பசி தாங்காதவங்களும் அப்படியே இருக்காங்க. ரெண்டு பக்கமும் இப்ப ஒரே மாதிரி ஆளுங்க இல்ல."

சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது. நான் எடுத்தது காபியை இல்லை. ஏழு மணிச் சாப்பாடு யாருக்கு ஒத்துவரவில்லையோ அந்த ஆட்களை.

ஹஃபீசா சார்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கே தோணலக்கா" என்றாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "மாமி, பெரிய புள்ள டீச்சருக்கே பாடம் எடுத்துருச்சு!"

வரும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். ரிசல்ட் போய்விட்டது. அது ஜி.எஸ்.டி. ரோடு தாண்டின பிறகுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காபி குடித்தவர்களை எடுக்கப் போவதில்லை என்று சாரிடம் சொல்லிவிட்டேன். "உங்க இஷ்டம்" என்றார். குரலில் இஷ்டமே இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ரிவ்யூ.

சார்ட் பேப்பரைச் சுருட்டி எடுத்துப்போனேன். சுவிசேஷமுத்துவின் டேபிள்கள் மாதிரி அழகாக இருக்காது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் முதல் கேள்வியே, "அனாலிஸிஸ் யார் பண்ணினது?"

"நான்தான் சார்."

நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. வரிசையாகக் கேட்டார். இந்த டெஸ்ட் ஏன்? இது ஏன் இல்லை? புள்ளிகள் ஏன் ரெண்டு கொத்து? காபிக் கதையைச் சொன்னபோது கமிட்டியே சிரித்தது. ஒருவர் தன் அப்பாவும் அப்படித்தான் என்றார். "அப்ப அவங்கள எடுத்துடலாமே?" என்று எக்ஸாமினர் கேட்டதும், ஏன் கூடாது என்று சொன்னேன். ஹஃபீசா வீட்டு ஹாலில் சொன்ன அதே வார்த்தைகளில்.

"கேள்வியும் நீங்களே கேட்டு பதிலும் நீங்களே சொல்லிட்டா எங்களுக்கென்னம்மா வேலை?" என்றார். பேனாவை மூடி வைத்தார்.

முடிவை என்னிடம் விட்டிருக்கிறார்கள். காபி குடித்தவர்களை எடுத்துவிட்டு, அது ஒரு குறை என்று தீசிஸில் எழுதிவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள். அவர்களையும் வைத்துக்கொண்டால் அது வெறும் வயிற்று அளவே இல்லை; அதனால் எடுக்க மாட்டேன் என்றால் மறுபடி ஆட்களைச் சேர்த்து முதலிலிருந்து. திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

வெளியே வந்ததும் சார், "நல்லா பேசினீங்க மாளவிகா. நிஜமாவே" என்றார். அப்புறம் மெதுவாக, "எழுதிக் குடுத்துட்டு முடிச்சுக்கோங்க. மார்ச்சுக்குள்ள ஆயிடும்."

பிளாட்பாரத்திலிருந்தே ஹஃபீசாவுக்குப் போன். ரெண்டு முறை சொல்ல வைத்தாள். ஸ்பீக்கரில் அவள் மாமியார்: "அந்தம்மா பாஸாயிருச்சா?"

ஆகஸ்ட் 23, சனி

காலையிலிருந்து போன். எல்லோருக்கும் இவர்தான் சொல்லியிருக்கிறார். "கமிட்டியவே வாயடைக்க வெச்சுட்டா" என்று தன் ஆபீஸ் நண்பரிடம் பேசிக்கொண்டிருந்ததை பால்கனியிலிருந்து கேட்டேன். கேட்டும் கேட்காத மாதிரி துணி மடித்தேன். பிடித்திருந்தது. இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்றிருந்தது.

ஒரு வரி எழுதினால் போதும், டிகிரி வந்துவிடும். யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஏழு மணிக்குச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு இன்னும் தெரியாது. திங்கட்கிழமையும் ஓ.பி.யில் யாராவது கேட்பார்கள். என்ன சொல்வேன்?

மறுபடி எடுக்கப் போகிறேன். எண்பது பேர், மூன்று மாதம், முதலிலிருந்து. சார் ரிடையர் ஆனால் ஆகட்டும். நேற்று அந்த அறையில் நின்றவளுக்கு ஒரு கைடு கிடைக்காமலா போவார்?

ஹாலிலிருந்து இவர், "வாசல் போர்டுல பேருக்கு முன்னாடி 'டாக்டர்' சேக்கச் சொல்லி ஆர்டர் குடுத்துடவா?" என்கிறார்.

"கொஞ்ச நாள் பொறுங்க" என்றேன்.

எத்தனை நாள் என்று சொல்லவில்லை.