நீதிபதியின் அக்கா

என் செல்லத் தங்கச்சிக்கு,

மெல்பேர்னில் நீ நீதிபதியாகப் பதவியேற்றதை மொன்றியலில் இருந்தபடி கைபேசியில் பார்த்தேன். அகதிகளை அடைத்துவைக்கும் சட்டத்துக்கு எதிராக, நாடாளுமன்றத்தில் சொந்தக் கட்சியையே எதிர்த்து வாக்களித்தாய். அடுத்த தேர்தலில் தோற்றாய். “நல்ல லோயர் வேலையையும் விட்டிட்டு அரசியலுக்குப் போய், இப்ப ரெண்டும் இல்லை” என்று சனம் கதைத்தது. இனி என்ன கதைக்கும்?

நான் ஏன் வரவில்லை என்று கேட்காதே. இங்கே பனி அதிகம்.

நீ மேலங்கியோடு மன்றுக்குள் வந்ததும் கட்டிலைவிட்டு எழுந்தேன். “எழும்பாதையும், சேலைன் ஊசி கழண்டிடும்!” என்று உன் அத்தான் பதறினார்.

“நீதிபதி வாறா. எழும்பத்தான் வேணும்.”

அவரும் எழுந்தார். விசயத்தைக் கேட்ட பக்கத்துக் கட்டில் பிரெஞ்சுக்காரியும் தடியை ஊன்றி எழுந்து, “பிராவோ!” என்று கத்தினாள்.

பெருமையோடு,
உன் அக்கா