நீட்டு என்று கேட்டது

என் கையப் பிடிச்சு பம்பாயில கப்பல் ஏத்திவிட்ட மச்சானுக்கு,

அக்காவும் பிள்ளையும் சுகம். நாம கடல்ல மண்ணு அள்ளின இடத்துல துபாய்த் துறைமுகச் சுவர் எழும்பிடுச்சு. பெரிய பெரிய கப்பலெல்லாம் வந்து ஒட்டி நிக்குது. நீங்க இருந்திருந்தா, நம்ம தோண்டுன குழியிலதான் நிக்குது மாப்ளன்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பீங்க.

பெல்ஜியம் கம்பெனின்னதும், கண்ணாடி செய்யிற கம்பெனியான்னு கேட்ட ஆளு நீங்க. நம்ம பக்கம் பெல்ஜியம்னா பெரிய வீட்டுக் கூடத்துல தொங்குற ஆளுயரக் கண்ணாடி, வேற என்ன தெரியும் நமக்கு? அதக் கேட்டு நம்ம பெல்ஜியக்கார ஃபோர்மேன் யான் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. லீவுல ஊருக்குப் போய்த் திரும்பும்போது, அக்காவுக்குன்னு கையகலக் கண்ணாடி ஒண்ணு கொண்டாந்து கொடுத்தாரு. பதிலுக்கு நீங்க ரெண்டு தமிழ் வார்த்தை கொடுத்தீங்க. கயிற இழுக்கணும்னா இழு, விடணும்னா நீட்டு. அந்த மனுஷன் நாள் பூரா அதையே கத்திக்கிட்டுக் கெடந்தாரு.

அன்னைக்கு, கரைக்கு மண்ணு தள்ளுற மிதவைக் குழாய்க்கும் படகுக்கும் நடுவுல இறங்கி நீங்க போல்ட் முடுக்கிக்கிட்டிருந்தீங்க. குழாயப் பிடிச்சு நிறுத்துற கயிறு, நான் ஓட்டுற வின்ச் உருளையில. நான் நின்ன இடத்துலேருந்து நீங்க தெரியல. வேலை முடிஞ்சு ஏறியிருப்பீங்கன்னு நெனச்சு கைப்பிடியத் தொட்டேன். மேல் தட்டுலேருந்து யான் கத்தினாரு.

“நீட்! நீட்!”

நான் நீட்டினேன். தண்ணி இழுத்த இழுப்புல குழாய் திரும்பி உங்கள அமுக்கிடுச்சு.

விசாரணையில, ஃபோர்மேன்தான் நீட்டச் சொன்னான், என் காதால கேட்டேன்னு சத்தியம் பண்ணினேன். கூட நின்ன நம்ம ஆளுங்க மூணு பேரும் ஆமான்னாங்க. வேண்டாம்னுதான் கத்தினேன்னு யான் சொல்லிப் பார்த்தாரு. எந்த வார்த்தையச் சொல்லிக் கத்தினேன்னு அவரும் சொல்லல, யாரும் கேக்கவுமில்ல. கலாஸ், முடிஞ்சுதுன்னு ஒரே வாரத்துல அவர ஊருக்கு அனுப்பிட்டாங்க. அக்காவுக்கும் அப்படியேதான் எழுதினேன், கயிற விட்டது நான்னு மட்டும் எழுதல. உங்க பெட்டிய அனுப்பும்போது அந்தக் கண்ணாடிய மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன். கொலகாரன் கொடுத்தது அவ கையில படக்கூடாதுன்னு.

போன வெள்ளிக்கிழமை புது ஃபோர்மேனோட சம்சாரமும் சின்னப் பொண்ணும் கேம்புக்கு வந்திருந்தாங்க. அவரும் பெல்ஜியம்தான். நான் அடுப்புலேருந்து டீக் கெட்டில இறக்கி வச்சேன். குழந்தை அதத் தொடப் போச்சு. தாய்க்காரி கத்தினா.

“நீட்! நீட்!”

குழந்தை கைய வெடுக்குன்னு இழுத்துக்கிச்சு, மச்சான்.

அது என்ன வார்த்தைன்னு அரைகுறை இந்தியில அந்த ஃபோர்மேன்கிட்ட கேட்டேன். எங்க பாஷையில செய்யாதேன்னு அர்த்தம் பாய்னு சொல்லிட்டு டீயக் குடிச்சாரு. பதறிப்போனா யாருக்கும் தாய்ப்பாஷைதானே வாயில வரும்?

அதுலேருந்து வின்ச் ஓடாத நேரத்துலயும் அந்தச் சத்தம் கேக்குது. யான் அன்னைக்குக் கத்தினது உங்களுக்குக் கேட்டுச்சா? என்னன்னு கேட்டுச்சு? என்னைத் திட்டினீங்களா, அவரையா? இல்ல, நீங்க சொல்லிக் கொடுத்த வார்த்தைதான்னு கடைசியா நெனச்சீங்களா? பாவி நான், ஒரு நல்ல மனுஷனக் கொலகாரனாக்கிட்டேன். துணியில சுத்தின கண்ணாடிய நேத்து எடுத்தேன். பிரிக்கத் தெம்பு வரல.

அடுத்த மாசம் எனக்கு லீவு. யானோட விலாசம் விசாரிச்சு உண்மைய எழுதிட்டுத்தான் கெளம்புவேன். ஊருக்குப் போனதும் அக்கா மடியில கண்ணாடிய வச்சு, யாரு கொடுத்ததுன்னும் கயிற விட்டது யாருன்னும் சொல்லிடுவேன். அவ என் முகத்துலேயே முழிக்கமாட்டேன்னாலும் சரி. ஆனா அதுக்கு முன்னாடி, அவரு கத்தின மாதிரியே அந்த வார்த்தைய ஒரே ஒரு தடவை கத்திக் காட்டுவேன். அவ காதுல என்னன்னு விழுதுன்னு எனக்குத் தெரியணும். இது சத்தியம் மச்சான், இந்தத் தடவை பொய்ச் சத்தியம் இல்ல.

இன்னும் மாப்ளன்னு கூப்பிடுவீங்களான்னு தெரியாத,
உங்க மச்சினன் முருகேசன்