ஆணியில் தொங்கிய முத்திரை

இன்று மதியம் அலுவலகம் முழுக்கச் சக்கப்பிரதமன், பலாப்பழப் பாயசத்தின் வாசனை. அடுத்த மேசைக்காரர் தூக்குப்பாத்திரத்துடன் வந்திருந்தார். பதிவேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டதாக அவர் மேல் இருந்த வழக்கில் கோர்ட் அவரை விடுவித்துவிட்டது. "கேஸ் தீர்ந்நு சேச்சி, இனி ஒரு பயமுமில்ல" என்று சிரித்தார். அந்த வாசனை, இதே ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த உன்னைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தியது.

நானும் இப்படித்தானே வந்தேன்? நம் வில்லேஜ் ஆபீஸ் முத்திரை குத்திய போலிச் சான்றிதழ் ஒன்று பிடிபட்டது. முத்திரை என் பொறுப்பு என்பதால் என்னை சஸ்பெண்ட் செய்து, வழக்கும் போட்டார்கள். சந்தேகத்தின் பலனைத் தந்து கோர்ட் விடுவித்த மறுநாளே, வலியசாலை வீட்டிலிருந்து தூக்கு நிறையப் பாயசம் சுமந்து வந்து ஆபீஸ் முழுக்கக் கிண்ணத்தில் ஊற்றி விளம்பினேன். நீ இரண்டு கிண்ணம் குடித்தாய். பிறகு மெல்ல, "பாயசம் நன்னா இருக்கு. மெமோ வந்துதோ?" என்றாய். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாம் நாள் மெமோ வந்தது. தெரிந்தே முத்திரையைப் பிறரிடம் கொடுத்தேனாம், துறை விசாரணை. நிரூபணமானால் வேலை போய்விடும். தீர்ப்பைப் பார்த்து அப்படியே எழுதிய எட்டுப் பக்கப் பதிலோடு கரமனைக்கு, உன் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"இது ஜட்ஜ் எழுதினதுடீ. நீ எழுதினது எங்க? கள்ள சர்ட்டிபிகேட் போட்டது நீயான்னு கோர்ட் கேட்டது. முத்திரையை எப்படிப் பாத்துண்டேன்னு இவா கேக்கறா. ரெண்டும் வேற, கேட்டயா" என்றாய்.

சாப்பிடப் போகும்போது, வந்த ஜனங்கள் காத்து நிற்க வேண்டாமே என்று, முத்திரையை மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவேன். ஆபீஸில் யார் வேண்டுமானாலும் எடுத்துக் குத்துவார்கள். அதை எழுதச் சொன்னாய். எழுதினால் தொலைந்தேன் என்று அழுதேன்.

"எழுதுடீ. பாக்கிக்கு நான் இருக்கேன்."

விசாரணை அதிகாரி முன்னால் நீ நின்ற நிற்பு! அந்த ஆணியிலிருந்து நீயும் எடுத்துக் குத்தியதாக, ஒரு தடவையல்ல, நூறு தடவை என்று யாரும் கேட்காமலே சொன்னாய். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தெரிந்து கொடுத்ததல்ல, ஆபீஸ் வழக்கமே அதுதான் என்று ஆகி, என் குற்றம் கவனக்குறைவு என்ற அளவில் நின்றது. ஓர் இன்கிரிமென்ட் வெட்டோடு போயிற்று, வேலை தங்கியது. உனக்கும் ஒரு மெமோ வந்தது. சிரித்துக்கொண்டே அதைக் கைப்பையில் போட்டு பஸ் ஏறினாய். ஒழுங்காக ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. முத்திரையை இப்போது டிராயரில் வைத்துப் பூட்டுகிறேன். ஆனால் திருந்தினேன் என்று நினைக்காதே. இன்று பாயசம் கொண்டுவந்த இவர் லீவில் இருந்த ஒரு வாரம், பக்கம் கிழிந்த அந்தப் பதிவேட்டைப் பூட்டாமல் மேசைமேல் போட்டு வைத்தவள் நான்தான். அது யாருக்கும் தெரியாது.

பிரதமனைக் குடித்து முடித்துவிட்டு, "மெமோ வந்நோ?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். சாட்சிகள் பட்டியலில் முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். பதிவேடு கிடந்த கதையையும் சொன்னேன். உன்னைப் போலவே நானும் இரண்டு கிண்ணம் குடித்திருந்தேன்.